கடிவாளம் கொடுத்த அவகாசம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் லாயக்காரர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பார்சல் அலுவலக மேலாளர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் என் அம்மாவே, மாமனாரே, மாமியாரே! இடப்பக்கம் நிறைந்திருக்கும் பார்சல் அலுவலக நண்பர்களே! வலப்பக்கம் நிறைந்திருக்கும் குதிரைகளே! இங்கே வர முடியாமல் சுவரில் விழும் திரையில் முகம் காட்டிக்கொண்டிருக்கும் வெளியூர்க் குதிரைகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இடப்பக்கத்தில் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். ஆமாம், குதிரைகள் என்றுதான் சொன்னேன். நாக்கு குழறவில்லை. எனக்கு முன்னால் பேசிய மேலாளர் அவர்கள், என் மனைவியை உடைசல் பிரிவின் தூண் என்றார். அதற்கும் முன்னால் பேசிய லாயக்காரர் அவர்கள், பள்ளத்தாக்கின் தலைமை நடுவர் கடிவாளம் என்றார். இரண்டும் ஒரே ஆள்தானா என்று பாதிப் பேருக்குச் சந்தேகம். ஒரே ஆள்தான். நான் சாட்சி.

நான் பேச்சாளன் இல்லை. கணினி சர்வர்களைப் பராமரிப்பவன். அதனால் எழுதிவைத்துப் படிக்கிறேன். மேடையில் "அவர்" என்று சொல்ல வேண்டும் என்று லாயக்காரர் சொல்லியிருக்கிறார். நடுவில் "அவள்" என்று வந்துவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் அலுவலக நண்பர்களே, உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கு என்பது இணையத்தில் நடக்கும் ஒரு விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஆளுக்கு ஒரு குதிரை. அந்தக் குதிரையாகவே நாம் எழுத வேண்டும். மேயலாம், கூட்டம் சேரலாம், தண்ணீருக்கு அலையலாம், சண்டை போடலாம். சண்டை என்றால் இரண்டு பேரும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். எழுதி முடித்ததும் கடைசி வரியாக "என் முறை முடிந்தது" என்று போட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் எதிராளி எழுதலாம். ஆளுக்கு மூன்று முறை. அப்புறம் நடுவர் படித்துப் பார்த்து, எந்தக் குதிரை ஜெயித்தது என்று சொல்வார். அதோ திரையில் கைகாட்டுகிறாரே, பல் மருத்துவர், அவருடைய குதிரை சுருட்டை. இங்கே மூன்றாவது வரிசையில் சீருடையோடு வந்திருக்கிறாரே பேருந்து ஓட்டுநர் அண்ணன், அவர் ஊமைச்சி என்ற கிழட்டுப் பெண்குதிரை. லாயம் கட்டி வைத்திருப்பவர், அதாவது அந்த இணையதளத்தை நடத்துபவர், லாயக்காரர். வாழ்க்கைப்பாட்டுக்கு நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார்.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. "நான் உதைத்தேன்" என்று எழுதலாம். "என் உதையில் உன் விலா உடைந்தது" என்று எழுதக் கூடாது. உடைந்ததா இல்லையா என்பதை அடி வாங்கியவர்தான் எழுத வேண்டும்.

நண்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! தன் விலா உடைந்தது என்று தன் கையால் யார் எழுதுவார்? எல்லோரும் என்ன எழுதுவோம்? "சட்டென்று விலகியது." "மயிரிழையில் தப்பியது." அவ்வளவுதானே! அந்த இடத்தில்தான் நடுவர் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் கடிவாளம் என்ற பெயரில் என் மனைவி உட்கார்ந்திருந்தார்.

உடைசல் பிரிவில் நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். உடைந்த பெட்டி வந்தால், உள்ளே என்ன இருந்தது என்று முதலில் கேட்க மாட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூலை நசுங்கியிருந்தால் கீழே போட்டது. பக்கவாட்டில் குழி விழுந்திருந்தால் மேலே பாரம் ஏற்றியது. பெட்டி முழுசாக இருந்து உள்ளே மட்டும் உடைந்திருந்தால், அனுப்பும்போதே உடைந்தது. அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து குதிரைச் சண்டையைப் படித்தார். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது. பின்னால் வந்த கடியைப் பார்த்து விலகியதாக யாராவது எழுதினால் தொலைந்தார்கள்!

நிஜக் குதிரையை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அதனால் என்ன? ஒருநாள் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன். கூடத்தில் என் மனைவி நாலு காலில் நிற்கிறார். சோபாவை உதைக்கிறார். அதே நேரத்தில் பின்னாலேயே படியேறி வருகிறார், சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்த என் அம்மா.

"என்னடா இது? சண்டையா? சோபா மேல என்ன கோவம் இவளுக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. பின்னங்கால் ரெண்டையும் தூக்கி உதைக்கறப்பவே கழுத்த இந்தப் பக்கம் திருப்பிக் கடிக்க முடியுமான்னு பாக்கறேன். ஒருத்தர் எழுதியிருக்காரு."

என் அம்மா பையைக் கீழே வைத்தார். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா சொன்னார்: "இரு, நான் இடுப்பப் பிடிச்சுக்கறேன். இப்ப உதை."

உதைத்தார். கழுத்தைத் திருப்பினார். இரண்டு பேரும் சேர்ந்து கம்பளத்தில் விழுந்தார்கள்.

"முடியாது," என்றார் என் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "பொய் சொல்றான் அந்த ஆளு. மார்க்கைக் குறை."

பொய் சொன்ன அந்த ஆள் யார் என்று சபைக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் தலைவர் அவர்களே சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார்! ஆமாம், லாயக்காரர்தான். எதிர்த்து நின்றது பல் மருத்துவரின் சுருட்டை. தீர்ப்பு வந்த சாயங்காலம் லாயக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏம்மா, லாயத்தக் கட்டினவனே நான்தாம்மா!"

"கட்டினீங்க சார், யாரு இல்லைங்கறா? நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா உதைச்சுக்கிட்டே கடிக்க முடியாதே."

"ஒரு கடிதானே... விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"உங்களுக்கு விட்டா சுருட்டைக்கு யாரு சார் பதில் சொல்றது?"

எத்தனை பேருக்கு அந்த நெஞ்சு வரும், சொல்லுங்கள்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயித்த சுருட்டைக்கு அவர் எழுதிய தீர்ப்பு இரண்டே வரி. தோற்ற லாயக்காரருக்கு ஒரு முழுப் பக்கம். எல்லாச் சண்டைக்கும் அப்படித்தான். ஏன் என்று கேட்டிருக்கிறேன். "ஜெயிச்சவன் படிக்கவா போறான்? குதிச்சுக்கிட்டு இருப்பான். தோத்தவன்தான் ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தாப் படிப்பான். அவனுக்கு எழுதாம யாருக்கு எழுத?" என்றாள்.

பாருங்கள், "என்றாள்" வந்துவிட்டது. இனி அப்படியே இருக்கட்டும்.

நானும் ஒரு குதிரை வைத்திருக்கிறேன். பெயர் துல்லியம். அவள்தான் சேர்த்துவிட்டாள். முதல் சண்டைக்கு நான் சும்மா உட்காரவில்லை. குதிரையின் எடை, ஓடும் வேகம், உதைக்கும் கோணம், எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதினேன். எதிராளி எந்தப் பக்கம் வந்தாலும் துல்லியம் அரை அடி தள்ளி நிற்கும். ஒரு தப்புக் கிடையாது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தீர்ப்பு வந்தது. ஒரு முழுப் பக்கம். அதன் முதல் வரி: "துல்லியத்தின் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இது குதிரையா, கொசுவா? எதுவும் மேலே படவே மாட்டேன் என்கிறதே!"

அன்று சாப்பிடும்போது நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கட்டின புருஷன்னுகூடப் பாக்கலையே."

"பாத்தேனே. அதனாலதான் கொசுவோட நிறுத்தினேன்."

"விலகினது தப்பா? நீயே சொல்லு."

"விலக முடிஞ்சா விலகு. விலக முடியாத அடின்னு ஒண்ணு வரும்பா. அத வாங்கிக்கணும். வாங்கினேன்னு எழுதணும். எழுதலேன்னா சண்டையே நடக்கலேன்னு அர்த்தம். எதுத்தாப்ல நின்னவங்களே இல்லேன்னு அர்த்தம். சாம்பார் ஊத்தவா, அதுலயும் விலகிக்குவியா?"

அதற்கப்புறமும் நான் திருந்தவில்லை. ஒவ்வொரு சண்டையிலும் விலகினேன். ஒவ்வொரு சண்டையிலும் தோற்றேன். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு முழுப் பக்கம் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால், இந்த உலகத்தில் அவள் அதிகமாக எழுதியது எனக்குத்தான்.

கடைசியாக என் துல்லியத்துக்கும் ஓட்டுநர் அண்ணனின் ஊமைச்சிக்கும் சண்டை. வறண்ட காலத்தில் கூட்டத்தைத் தண்ணீருக்குக் கூட்டிப் போவது யார் என்பதற்கான சண்டை. ஊமைச்சி தன் மூன்றாவது முறையில், திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டாலும் துல்லியத்தின் இடது விலாவைப் பார்த்து உதைத்தாள். "என் முறை முடிந்தது" என்று அண்ணன் போட்டுவிட்டார். அடுத்து நான் எழுத வேண்டும். அந்த வாரம்தான் காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அப்புறம் வீட்டுக்குத் திரும்பவில்லை.

படுக்கையிலும் அவள் நடுவர்தான். ஒருநாள் மருந்து ஏற்ற வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். இவள் தொலைபேசியில் யாரிடமோ, "தாடை ஒடைஞ்சிருக்கு, அப்புறம் எப்படிங்க அவ புல்லு திங்கறா? ரெண்டு நாளாவது பட்டினி போடுங்க" என்கிறாள்.

"யாருக்கும்மா தாடை உடைஞ்சுது?"

"குதிரைக்கு, சிஸ்டர்."

அந்த நர்ஸ் இன்று வந்திருக்கிறார். கடைசி வரிசையில் இருக்கிறார். இப்போது அவருக்கும் ஒரு குதிரை இருக்கிறது என்பதைச் சபைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் முறைக்கான கெடு முடியப்போகிறது என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள். கெடு தாண்டினால் தோல்வி. நடுவர் மட்டுமே அவகாசம் தரலாம். நான், "இப்ப அதுவா முக்கியம்? தோத்துட்டுப் போறேன்" என்றேன். அவள் கேட்கவில்லை. என் கைபேசியை வாங்கி, லாயத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள்: "துல்லியத்துக்கு அவகாசம் தரப்படுகிறது. காரணம், வீட்டில் உடம்பு சரியில்லை." வழக்கமாக அதற்குக் கீழே ஒரு தேதி போடுவாள். போடவில்லை.

"தேதி போடலையே?"

"எப்ப எழுத முடியுதோ அப்ப நீயே வந்து சொல்லு. ஆனா இந்தத் தடவை விலகாத."

அவையோரே! அவள் போன பிறகு நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். அவளுடைய தொலைபேசி இணைப்பை ரத்து செய்தேன். அடையாள அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும், "தைரியமாக இருக்கிறார்" என்றார்கள். என் அம்மா மட்டும் தினமும், "ஒரு தடவை அழுதுடேன்டா" என்கிறார். என் தொழிலில் ஒன்று சொல்வோம். அபாய விளக்கு எரியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, எல்லாம் சரியாக இருக்கிறது. இன்னொன்று, விளக்குக்குப் போகும் கம்பியே அறுந்துவிட்டது. எனக்கு எது என்று எனக்கே தெரியவில்லை. நான் அரை அடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறேன்.

லாயக்காரர் அவர்கள் இன்று காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நடுவர் நாற்காலி காலியா இருக்கு தம்பி. வேற யாரும் அதுல ஒக்காரக் கூச்சப்படறாங்க. நீங்க வாங்க, இல்லேன்னா லாயத்தை மூடிடறேன்" என்றார். லாயத்தை மூடலாமா? அவள் எழுதிய ஒவ்வொரு பக்கமும் அங்கேதானே இருக்கிறது! மூட வேண்டாம். நான் வருகிறேன். பொய் சொன்னால் லாயக்காரர் என்றும் பார்க்க மாட்டேன். தோற்றவருக்கு ஒரு முழுப் பக்கம் எழுதுவேன். தேவைப்பட்டால் சோபாவை உதைத்துப் பார்ப்பேன். இடுப்பைப் பிடித்துக்கொள்ள என் அம்மா இருக்கிறார்.

ஆனால் கடிவாளம் வைத்த விதி ஒன்று இருக்கிறது. இன்னும் முடிக்காத சண்டை கையில் இருப்பவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. எனவே முதலில் என் முறையை முடிக்கிறேன். தீர்ப்பைப் பல் மருத்துவர் சொல்லட்டும். ஓட்டுநர் அண்ணே, நீங்கள் எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள். இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு நன்றி.

கடிவாளம் கொடுத்த அவகாசம் இன்றோடு முடிகிறது. படிக்கிறேன்.

"ஊமைச்சி திரும்பியதைத் துல்லியம் பார்த்தது. விலக நேரம் இருக்கிறது என்று நினைத்தது. நேரம் இல்லை. குளம்புகள் இரண்டும் இடது விலாவில் விழுந்தன. உள்ளே ஏதோ உடைந்தது. அந்தச் சத்தம் துல்லியத்துக்கே கேட்டது. மூச்சை இழுத்தது, வரவில்லை. முன்னங்கால்கள் மடிந்தன. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. கூட்டம் ஊமைச்சியின் பின்னால் தண்ணீரைப் பார்த்து நடப்பது தெரிந்தது. வலிக்கிறது. ரொம்ப வலிக்கிறது. துல்லியம் தரையில் கிடந்தபடியே கனைத்தது."

என் முறை முடிந்தது.