முன்சில்லில் வலை ஈயம்

டொமினிக்: இன்னும் ஆடுதா நானா?

ஸெய்னுதீன்: ஆடுது. நிலாவெளி றோட்டில கொஞ்சம் மிதிச்சாப் போதும்… ஸ்டியறிங் கிடந்து நடுங்குது.

டொமினிக்: முந்தினதவிடக் குறைவா?

ஸெய்னுதீன்: கூட எண்டுதான் சொல்லோணும். அந்த இடப்பக்க முன்சில்லுதான். எனக்குத் தெரியாதா? இந்த லொறியோடயே கிடந்து உருளுறவன் நான்.

டொமினிக்: சரி, சரி… கோவிக்காதைங்க. ஜக் வைச்சாச்சு. சில்லைக் கழட்டுறன். இந்த நட்டுகள ஒருக்காப் பிடியுங்க பாப்பம்.

ஸெய்னுதீன்: கீழ போடுங்க.

டொமினிக்: மண்ணுக்குள்ள உருண்டு போயிரும் நானா…

ஸெய்னுதீன்: அந்தா பேணி கிடக்கு, அதுக்குள்ள போடுங்கவன். ஜும்ஆவுக்குப் போற நேரம் கிறீஸ் பூசிக்கொண்டு போகச் சொல்றீங்களா?

டொமினிக்: அதுவும் சரிதான்.

ஸெய்னுதீன்: கொழும்புக்கு ஆள் விட்டனீங்களே, என்னவாம்?

டொமினிக்: ஒரு கடையிலயும் பலன்ஸ் ஈயம் இல்லையாம். வெளிநாட்டுச் சாமான் இறக்கிறத அரசாங்கம் நிப்பாட்டினதில இருந்து அது கண்ணிலயே படயில்லையாம். கேட்டதுக்குச் சிரிச்சவங்களாம்.

ஸெய்னுதீன்: இஞ்ச துறைமுகம் நிறையக் கப்பல் நிக்குது…

டொமினிக்: நிக்குது. வந்து தேயிலைய ஏத்திக்கொண்டு போகுது. எங்களுக்கு ஒரு துண்டு ஈயம் இறக்குதா?

மாகிரட்: ஆர், நானாவா? வாங்க, வாங்க. உங்கட சில்லால என்ர அரிசி வறுக்கிற சட்டி போச்சு, தெரியுமா?

ஸெய்னுதீன்: என்ர சில்லாலயா தங்கச்சி?

மாகிரட்: பின்ன? இந்த மனிசன் குசினிக்குள்ள வந்து அடுப்ப மூட்டினவர். கச்சான் கடலை வறுக்கப் போறாராக்கும் எண்டு நானும் சந்தோசப்பட்டுக்கொண்டு போய்ப் பாத்தா… சட்டி நிறைய வெறும் மணல்!

டொமினிக்: ஈரம் போகோணுமே மாகிரட். ஈர மணல் ரியூப்புக்குள்ள கட்டிபடும்.

மாகிரட்: கேட்டீங்களா நானா? மாவுக்கு அரிசி வறுக்க ஆளில்ல, ரயருக்கு மணல் வறுக்க ஆள் இருக்கு.

ஸெய்னுதீன்: பாவம், எனக்காகச் செஞ்சது. விடுங்க.

மாகிரட்: எனக்கு இது விளங்கவே இல்ல. அந்த இத்துணூண்டு ஈயம் இல்லாட்டி இவ்வளவு பெரிய லொறி ஓடாதா?

டொமினிக்: ஓடும், ஆனா நடுங்கும். ரயரெண்டா ஒரு பக்கம் கொஞ்சம் பாரமா இருக்கும். மற்றப் பக்கத்தில அந்த ஈயத்த ரிம்மில கொழுவினா ரெண்டும் சமம். கொழுவாட்டி, வேகமா சுத்தேக்க உதறும். அந்த உதறல் ஸ்டியறிங்குக்கு வரும்.

மாகிரட்: அதுக்கு மணலா?

டொமினிக்: முதல்ல ரியூப்புக்குள்ள தண்ணி விட்டுப் பாத்தன். சரிவரயில்ல. பிறகுதான் மணல். சீலையால அரிச்சு, வறுத்து, வால்வுக்குள்ளால ஊத்தினது. சில்லு சுத்தேக்க மணல் தானாப் போய் லேசான பக்கத்தில நிக்கும் எண்டு நேவிக்காரன் ஒருத்தன் சொன்னவன்.

மாகிரட்: நிண்டதா?

டொமினிக்: நிண்டது… ஆனா வால்வ அடைச்சுப்போட்டுது. காத்து நிக்குதில்ல. எல்லாத்தையும் கொட்டிப்போட்டு, கடைசியா சல்லி ஊரில மீன்பிடிக்காரரிட்ட வலையில கட்டுற ஈயம் வாங்கி வந்தனான்.

மாகிரட்: ஓ, அந்த மீன் நாத்தம் அதுதானா!

டொமினிக்: உருக்கி, பட்டையா வாத்து, ரிம்மோட நட்டுப் போட்டு இறுக்கியிருக்கு. இந்தா பாருங்க நானா, அசையவே இல்ல.

ஸெய்னுதீன்: ஈயம் அசையாட்டிலும் சில்லு அசையுதே.

மாகிரட்: சரி, அத அவர் பாப்பார். நானா, தேத்தண்ணி போடவா? சீனி இல்ல, பனங்கட்டிதான்.

ஸெய்னுதீன்: வேணாம் தங்கச்சி. வீட்டயே குடிச்சிட்டுத்தான் வந்தனான்.

மாகிரட்: இப்ப எப்ப வந்தாலும் வேணாம் எண்டுறீங்க. என்ர தேத்தண்ணி அவ்வளவு மோசமா?

ஸெய்னுதீன்: ஐயோ, அப்பிடிச் சொல்லாதைங்க…

மாகிரட்: சரி, ஞாயிறு வழியில வாங்கிக் குடுத்துக் குடிக்க வைக்கிறன். மடு மாதா திருநாளுக்கு உங்கட லொறியில போக எல்லாரும் ஆயத்தம் நானா. சூசைப்பிள்ளை அண்ணையாக்கள் குடும்பத்தோட வருகினம். கோயில்ல பாடுற பிள்ளைகளும் வருதுகள். எங்கட மகள் இன்பமலர், முன்சீற் தனக்குத்தான் எண்டு இப்பவே சண்டை.

ஸெய்னுதீன்: தங்கச்சி… வேற லொறி ஒண்டும் கேட்டுப் பாக்கயில்லையா?

மாகிரட்: வேற லொறியா? என்னத்துக்கு?

ஸெய்னுதீன்: இல்ல… இந்தச் சில்லு இப்பிடி நிக்குது. ஹொரவப்பொத்தானைக்கு அங்கால காட்டு றோட்டு. குழந்த குட்டியோட போற பயணம்…

மாகிரட்: அதுக்குத்தானே உங்களக் கேட்டது. போன வருசம் குறுக்க யானை வரேக்க நீங்க நிப்பாட்டின மாதிரி ஆர் நிப்பாட்டுவான்? பின்னால இருந்த சனத்துக்கு யானை நிண்டதே தெரியாது. ஸெய்னுதீன் நானா ஓட்டுறார் எண்டா மட்டும் வாறம் எண்டு சொன்ன சனம் இருக்கு. நான் உலை வைச்சிட்டு வந்தனான், போறன். டொமினிக், அந்தச் சில்ல இண்டைக்கே முடிச்சுக் குடுங்க. நானாட முகத்தில சிரிப்பே இல்ல.

டொமினிக்: ஓம், ஓம். நீ போ. நானா, இப்பிடிக் கிட்ட வாங்க. சில்ல இந்த அச்சில கொழுவிட்டன். வெண்கட்டியால ரயரில ஒரு கோடு போடுறன். கண்டீங்களா?

ஸெய்னுதீன்: கண்டன்.

டொமினிக்: சுத்தி விடுறன். பாரமான பக்கம் ஒண்டு இருந்தா, ஒவ்வொருக்காலும் அந்தப் பக்கம்தான் கீழ வந்து நிக்கோணும். அதானே?

ஸெய்னுதீன்: அதான்.

டொமினிக்: பாருங்க… நிண்டிட்டுது. கோடு எங்க?

ஸெய்னுதீன்: மேல.

டொமினிக்: திரும்ப சுத்துறன்… இப்ப?

ஸெய்னுதீன்: சுவர்ப் பக்கம்.

டொமினிக்: இன்னொருக்கா… 

ஸெய்னுதீன்: கீழ. கீழ வந்திட்டுது, பாத்தீங்களா!

டொமினிக்: அப்ப இன்னொருக்காலும் சுத்துவம். …இப்ப உங்கட பக்கம் நிக்குது. நினைச்ச இடத்தில நிக்குது நானா. இதில பாரமான பக்கம் எண்டு ஒண்டும் இல்ல.

ஸெய்னுதீன்: இஞ்ச மெதுவாத்தானே சுத்துறீங்க. றோட்டில வேகமா ஓடேக்கதான்…

டொமினிக்: றோட்டிலயும் பாத்தனான்.

ஸெய்னுதீன்: எப்ப?

டொமினிக்: போனமுறை நீங்க லொறிய விட்டிட்டு, வள்ளத்தில கிண்ணியாவுக்குப் போனீங்களே. சொல்லாமக் கொண்டு போனதுக்கு மன்னியுங்க. நிலாவெளி மட்டும் போய், வேகமா ஓட்டித் திரும்பி வந்தனான்.

ஸெய்னுதீன்: அப்ப…?

டொமினிக்: ஸ்டியறிங்கில ஒரு விரல்தான் வைச்சிருந்தன். ஆடவே இல்ல. கதிரையில இருங்க நானா.

ஸெய்னுதீன்: வேணாம்… நிக்கிறன். அண்டைக்கே ஏன் சொல்லயில்ல?

டொமினிக்: என்னத்தச் சொல்லுறது? நீங்க வந்து சில்லெண்டீங்க. நானும் சில்லப் பாத்தன்.

ஸெய்னுதீன்: தங்கச்சிக்குச் சொன்னீங்களா?

டொமினிக்: ஒருத்தருக்கும் இல்ல. இண்டைக்கு நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். ஞாயிறு வருது, நானா. என்ர பிள்ளையும் ஏறுது.

ஸெய்னுதீன்: அது எனக்குத் தெரியாதா டொமினிக்? அந்தப் பிள்ள முன்சீற்றில இருக்கும் எண்டு நினைச்சா எனக்கு நித்திரையே வருதில்ல. இந்த லொறி மடுவுக்குச் சரிவராது எண்டு உங்கட வாயால வந்திரும், பயணம் நிண்டிரும் எண்டு நினைச்சித்தான் ஒவ்வொருக்காலும் வந்தனான். நீங்க என்னடா எண்டா… தண்ணி, மணல், வலை ஈயம் எண்டு விடாமத் திருத்திக்கொண்டே இருந்தீங்க!

டொமினிக்: ஹ…! நல்லாயிருக்கு. என்ர தொழில் அதுதானே?

ஸெய்னுதீன்: சிரிக்காதைங்க… எனக்கும் சிரிப்பு வருது.

டொமினிக்: பயணத்த நிப்பாட்டத் தேவையில்ல நானா. உங்கட மச்சான் அஸீம் லைசன் எடுத்து எவ்வளவு காலம்? கந்தளாய்க்கு நெல்லேத்தப் போகேக்க அவனும் ஓட்டுறவன்தானே.

ஸெய்னுதீன்: ஓட்டுவான். நல்லா ஓட்டுவான். அவசரப்படமாட்டான்.

டொமினிக்: அப்ப ஞாயிறு அவன் ஓட்டட்டும். நீங்க பக்கத்தில இருந்து, எதில மெதுவாப் போறது, எதில யானை நிக்கும் எண்டு சொல்லிக் குடுங்க. எங்கட சனத்துக்கு உங்கட முகம் முன்னுக்குத் தெரிஞ்சாப் போதும்.

ஸெய்னுதீன்: ஞாயிறு மட்டுமா டொமினிக்…

டொமினிக்: …அத நான் எப்பிடிச் சொல்ல?

ஸெய்னுதீன்: சொல்லத் தேவையில்ல. விளங்குது. லொறி அவனிட்டயே இருக்கட்டும். நெல்லுக் கணக்கு, ஆக்களோட கதைக்கிறது எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்.

டொமினிக்: ஆசுபத்திரியில காட்டினீங்களா?

ஸெய்னுதீன்: காட்டினன். குளிசை தந்திருக்காங்க. குறையலாமாம்… கூடாம இருந்தாலே போதும். அதுக்கு மேல அல்லாஹ்.

டொமினிக்: வீட்டில?

ஸெய்னுதீன்: பல்கீஸ் அறிவா. ஒண்டும் கேக்கிறதில்ல. ராவில பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறா.

டொமினிக்: …சரி. சில்லப் பூட்டுறன். அஸீம் அந்தா முன் கடையில நிக்கிறான். கூப்பிட்டு, நீங்களே லொறித் திறப்பக் குடுங்க நானா. உங்கட கையால குடுக்கிறதுதான் முறை.

ஸெய்னுதீன்: வேணாம் டொமினிக், என்ர சேட்டுப் பொக்கற்றுக்க கிடக்கு, நீங்களே எடுத்துக் குடுங்க… நான் நீட்டினா, கை நடுங்குறத அவன் கண்டிருவான்.