சிப்புக்கு ஒரு சுருட்டு

கார்த்திகை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை ஏழு ஐம்பது, விட்டுவிட்டுத் தூறல். புதுக்கோட்டையிலிருந்து, முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் விராலிமலைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும்.

“டிசைன் இருக்குற பென்டிரைவ முருகன் காலடியில வச்சு, சுருட்டுப் படைச்சுட்டு வரச் சொல்லியிருக்காரும்மா எங்க மேனேஜர்.”

“எதுக்குடி?”

“திங்கக்கெழமை எங்க சிப்போட டிசைன் ஃபேக்டரிக்குப் போவுது. அங்க செஞ்சுட்டா அப்புறம் ஒரு கோட்டக்கூட மாத்த முடியாது. வெளியேருந்து ஒரு எக்ஸ்பர்ட்டக் கூப்பிட்டு ஒருக்கா சரிபாத்துருவோம்னேன். செலவு சாஸ்தியாம்.”

“சுருட்டு மலிவுதான்.”

“சிரிக்காதம்மா. சூடேறுனா சிப்பு நின்னுரும்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நின்னா, சரின்னு கையெழுத்துப் போட்ட என் வேலதான் போகும்.”

“ஒன் ஜாதகத்தயே மூணு பேருட்டக் காட்டுனோம். இத ஒருத்தருட்டக் காட்டக் கூடாதாமா? போன் போட்டுக் கேளு.”

போட்டாள். “சார், ரெவ்யூ பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.

“என்னடி சொல்றாரு?”

“அப்ப ரெண்டு சுருட்டா வையிங்கிறாரு.”

“நீ என்ன செய்யப் போற?”

“ரெண்டாவே வைக்கிறேன். கையெழுத்த முருகனே போடட்டும்.”

நான் இறங்க வேண்டிய இலுப்பூர் எப்போதோ போயிருந்தது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் நடத்துநர். சரிபார்த்ததற்கென்று அவர் தனிக் கட்டணம் கேட்கவில்லை. விராலிமலை வரை கூடுதல் டிக்கெட் பதினைந்து, திரும்பி வரப் பதினைந்து, ஆக முப்பது ரூபாய்.