மூன்றாம் நாளும் கலையாத முடி

பார்லரில் ப்ளோ ட்ரை செய்து நேராக்கிய முடியை வீட்டில் மூன்று நாள் காப்பாற்றுவது அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை, மேடம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் ஆளாளுக்குக் கெடுத்துக்கொள்கிறார்கள். படுக்கும்போது உச்சியில் தளர்வாகச் சுருட்டித் துணி சுற்றிய ரப்பர் பேண்டு போட வேண்டும். தலையணைக்கு வழவழப்பான சாட்டின் உறை. வேர் பிசுபிசுத்தால் துளி பவுடர். மற்றதை எல்லாம் சமாளித்துவிடலாம், நீராவி மட்டும் ஆகாது. சுருட்டை முடிக்காரிகளுக்கு அதுதான் எமன்.

எங்கள் வீட்டில் அந்த எமன் என் கணவரின் குளியல். தோல் உரிகிற சூட்டில் குளிப்பார். ஹாலில் ஓடும் பாட்டைக் கேட்க வேண்டுமாம், கதவைத் திறந்தே வைப்பார். வீடே வெந்துபோகும். அதனால் பார்லர் போய்வந்த நாட்களில் நான் வெளியே தாழ்ப்பாள் போட்டு, கதவடியில் பழைய துண்டைச் செருகிவிடுவேன். "என்ன நூடுல்ஸ், என்னை ஆயுள் கைதி ஆக்கிட்டியா?" என்று உள்ளேயிருந்து சிரிப்பார். தமாஷான மனிதர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நூடுல்ஸ் என்பது கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர். மாமியார், நாத்தனார் என்று ஆரம்பித்து என் ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் பரவிவிட்டது. ஆபீஸ் விருந்துக்கு என்னோடு வந்தவர், என் அடையாள அட்டைப் போட்டோவை மேலாளரிடம் காட்டி, "அடுப்புல வச்சுட்டு மறந்துட்டாங்க போல சார்" என்றார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எனக்குக் கோபதாபம் எதுவும் கிடையாது. அதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று ஆபீசில் புது அட்டைக்குப் போட்டோ எடுக்கிறார்கள். பார்லரில் சனிக்கிழமைதான் இடம் கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றேன், முடி தோளில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "தண்ணி பட்டா திரும்ப நூடுல்ஸ்தானே" என்றார். மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ஞாயிறு காலை குளிக்கப் போனார். தாழ்ப்பாள் போட்டேன், துண்டைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் தொப்பென்று சத்தம். அப்புறம் முனகல். "வழுக்கிட்டேன்... தலையில அடி பட்டுருச்சு... ரத்தம் நிக்கலை, கதவைத் திற."

தாழ்ப்பாளில் கை வைத்தேன். கதவு சுட்டது. உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் என் தலை என்ன கதி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஹீட்டரில் சுடுதண்ணீர் எவ்வளவுதான் இருந்துவிடும், தீரட்டும் என்று நின்றேன். அவ்வளவு நேரமும் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவே இல்லை, அவ்வளவு பதற்றம் எனக்கு. கதவு நன்றாக ஆறியதும் திறந்தேன். அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

சத்தம் கேட்டதுமே உள்ளே ஓடித் தூக்கினேன் என்று நேற்று சொன்னது பொய். மற்ற எல்லாரும் நம்பினார்கள். நாத்தனார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறலுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எந்த பார்லர் அண்ணி?" என்றும் கேட்டாள். நீங்கள் மட்டும்தான் குளியலறையை விட்டுவிட்டு என் தலையையே பார்த்தீர்கள். "அவ்வளவு நீராவியில ஓடிப்போய் வந்த முடி எப்படிம்மா இப்படி நிக்குது?" உங்கள் தொப்பிக்குள்ளும் சுருட்டைதான் என்று அப்போதே தெரிந்துபோனது. வேறு யாராவது விசாரிக்க வந்திருந்தால் நான் இந்நேரம் ஆபீசில் போட்டோவுக்கு நின்றிருப்பேன்.

இங்கே ஸ்டேஷனிலும் போட்டோ எடுப்பீர்களாமே. இன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாளைக்குத் தாங்காது.

கூப்பிட்டும் ஏன் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் என்னைக் கூப்பிடவே இல்லையே, மேடம். குரல் தேய்ந்து நிற்கிறவரைக்கும் "நூடுல்ஸ், நூடுல்ஸ்" என்றுதான் கூப்பிட்டார். எதிரே இருந்த கண்ணாடியில் நன்றாகப் பார்த்தேன், ஒரு சுருள்கூட இல்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் நூடுல்ஸ் என்று யாருமே இல்லை.