நிக்க வேண்டிய நாலு நிமிஷம்

இல்ல சார், அந்த இன்ஜினியர் மேல தப்பே இல்ல. அவர வேலைய விட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அவரு வெச்ச சுவிட்ச் ஒழுங்காத்தான் வேல செஞ்சுது.

எங்க வேல உங்களுக்குத் தெரியாதுன்னு விசாரணைக்கு வந்ததுமே நீங்களே சொன்னீங்க. பெரிய வித்தையெல்லாம் இல்ல. சக்கரம் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், அது மேல கனமான உலோகம் ஒண்ணப் பூசியிருப்போம். டைட்டேனியம் அணுவ அசுர வேகத்துல அது மேல விட்டு அடிப்போம். கோடி கோடியா மோதும், எல்லாம் செதறிப் போகும். எப்பவாவது ஒண்ணு அந்த உலோகத்து அணுவோட ஒட்டிக்கிட்டா, உலகத்துலயே இல்லாத புதுத் தனிமம். ஆமா சார், ஒரே ஒரு அணுதான். சிரிங்க பரவால்ல, என் மாமியாரும் சிரிப்பாங்க, ஒண்ணு புடிக்கவா இத்தன பேருன்னு.

அதுவும் அரை நொடி நிக்காது. ஒடைஞ்சு ஒடைஞ்சு வேற வேறயா மாறிக்கிட்டே போகும். அந்த வரிசைய வெச்சுத்தான் வந்தது இன்னதுன்னு சொல்ல முடியும். அதனால முதல் ஒடைசல் தெரிஞ்சதுமே, அணுவ விட்டு அடிக்கறத அவரு வெச்ச சுவிட்ச் தானா நிறுத்திடும். நாலு நிமிஷம் யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டு அடிக்கறது மறுபடி ஆரம்பிச்சா, அந்த இரைச்சல்ல மிச்சமெல்லாம் காணாமப் போயிடும்.

போன வருஷம் ஒண்ணு கெடச்சுது. ஒண்ண வெச்சு எவன் நம்புவான்? ரெண்டாவதுக்குப் பதினோரு மாசம் ஒம்பது பேரு தவம் கெடந்தோம். செவ்வாக்கிழம மத்தியானம் வந்துது. அடிக்கறதும் தானா நின்னுது. மூணாவது நொடில திரும்ப ஓட ஆரம்பிச்சுடுச்சு. எல்லாரும் சுவிட்ச் கோளாறுன்னு அவரு தலைல கட்டிட்டாங்க. அவரும் மூணு நாளா அதப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. பாவம், சாப்பிடக்கூட வரல.

பிரிச்சா என்ன கெடைக்கும்? திரும்ப ஓட விடற பட்டன அமுக்கினது நான்தான்.

கை தவறியெல்லாம் இல்ல, தெரிஞ்சேதான். மோதறத எண்ணற கவுண்டர் மெஷின் எப்பவும் டிக்டிக்குனு கேட்டுக்கிட்டே இருக்கும் சார். அடிக்கறது நின்னா அதுவும் கப்புனு அடங்கிடும். போன மாசம் ஆஸ்பத்திரில என் வீட்டுக்காரர் மூச்சு மெஷின நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ரூமும் இப்படித்தான் அடங்கிப் போச்சு.

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். அழுகையே வரமாட்டேங்குது. எழுதிட்டீங்கன்னா நீங்க கெளம்புங்க சார். போறப்ப அந்த ஃபேன மட்டும் நிறுத்திடாதீங்க.