இடிக்குதா, அண்ணே?

பல் கட்டுவதில் பெரிய தொல்லை வெள்ளை நிறம்தான். வெள்ளையில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் லேபில் பதினாறு வெள்ளை இருக்கிறது. வருகிறவர்கள் அத்தனை பேரும் பதினேழாவதைக் கேட்கிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் கேட்டான். அவன் வயதுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்தால்தான் பொருந்தும் என்று எடுத்துச் சொல்லி, அவன் முகத்துக்கு எது சரியோ அதையே செய்து கொடுத்தேன். நிறத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. உங்கள் அறிக்கையில் அதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். நான் பல் மருத்துவன் அல்ல. மருத்துவர் தாடை எலும்பில் டைட்டானியம் திருகுகளை இறக்குவார். மூன்று நான்கு மாதத்தில் எலும்பு அவற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வாயை அச்செடுத்து என்னிடம் அனுப்புவார். திருகுகளின் மேல் அசையாமல் உட்காரும் பல்வரிசையைச் செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். சரியில்லை என்று ஒரு வரிசைகூடத் திரும்பி வந்ததில்லை.

அண்ணன் ஏலக்காரன். பழைய மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம், படுத்துவிட்ட கடைகளின் சாமான் என்று எதையும் கூவி விற்றுவிடுவான். வாய் இல்லாவிட்டால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வீட்டில் கேலி செய்வோம். ஐம்பத்தாறு வயதில் ஈறு கெட்டு, பற்கள் ஒவ்வொன்றாய் ஆடி விழுந்தன. கழற்றி மாட்டும் செட் வேண்டவே வேண்டாம் என்றான். ஏலத்தின் நடுவில் நழுவி விழுந்தால் மானம் போய்விடுமாம். கடைசியில் இம்ப்ளாண்ட் என்று முடிவானது. மேலே ஆறு திருகு, கீழே ஆறு. நம் வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று என்னிடமே வந்தான்.

அவன் வாயால் செட் என்று சொன்னதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் அவளுடைய மேல் செட் கைதவறித் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. அதன் பிறகு ஏழு மாதம் மேல்வரிசை இல்லாமலே இருந்தாள். அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாவற்றையும் கரைத்தும் மசித்தும் கொடுத்தாள். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷி கரைத்ததையே விழுங்குவாள்? ஒரு மதியம் நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். அம்மா ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கரண்டியை எடுத்து மேசையில் தட்டினான்.

"பல்லில்லாத வாய் ஒண்ணு. ஒரு தரம், ரெண்டு தரம்... கேக்க ஆளில்லையாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தக் கரண்டிச் சத்தத்தை நான் மறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. தாங்குவதற்கு உடம்பில் ஒன்றுமே இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். கட்டிலிலிருந்து அவளைத் தூக்கியபோது என் கையில் கனமே தெரியவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவனும் மெல்ல முடியாமல் கிடக்க வேண்டும் என்று. இரண்டு வருடம் கழித்து அவனே வந்து என் முன்னால் வாயைத் திறந்தான்.

சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. நடுவில் ஒரு முடி சிக்கினாலும் அது சொல்லிவிடும். திருகுக்கு அந்தச் சவ்வு கிடையாது. எத்தனை அடி வாங்கினாலும் வாயில்லாப் பூச்சியாய் நிற்கும், கீழே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் உயரம் சரியா என்று ஆளைக் கேட்பதோடு விடாமல், நீலத் தாளைக் கடிக்கவைத்து, மை அழுத்தமாகப் பதிகிற இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வோம். நான் வலது கடைவாயில் கொஞ்சம் உயரம் வைத்தேன். ஈறைத் தொடும் அடிப்பக்கம் வழவழப்பாகப் புடைத்திருந்தால்தான் பிரஷ் போகும். அதைக் குழித்து வைத்தேன். உள்ளே போகிற உணவு அங்கேயே தங்கி அழுகும். அவனுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

பொருத்திய அன்று மருத்துவருக்கு வேலை நெருக்கடி. உங்கள் அண்ணன்தானே, கடியை நீங்களே பார்த்துவிடுங்கள் மாஸ்டர் என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், என்னை நம்பியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன். வலது பக்கம் நீலம் திட்டாய்ப் பதிந்தது.

"இடிக்குதா, அண்ணே?"

"இல்லடா. ஜம்முனு இருக்கு."

பஞ்சால் மையைத் துடைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் வாய் நாறுகிறது என்றான். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். நான்காம் மாதம் ரத்தம் வந்தது. அழுத்தித் தேய்க்காதே என்றேன். ஐந்தாம் மாதம் கன்னம் வீங்கியதும் மருத்துவரிடம் போகக் கிளம்பினான். நான் அவரிடம் பேசிவிட்டேன், புதுப் பல் ஊன்றி நிற்க நாளாகும் என்று சொல்லித் தடுத்தேன். வாரம் தவறாமல் மருந்தும் பழச்சாறும் வாங்கிக்கொண்டு போனேன். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஏழாம் மாதம் வாய் திறக்கவில்லை, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வலது கீழ்த்தாடையைத் திருகுகளோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். இப்போது மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். பேச்சு வராது.

நான்தான் செய்தேன். கை தவறவில்லை, யாரும் தூண்டிவிடவும் இல்லை.

அவனைப் போய்ப் பார்த்தேன். அதற்குள் அங்கே வரிசையைக் கழற்றிப் பார்த்து, வேண்டுமென்றே தப்பாகச் செய்தது என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். கோபப்படுவான் என்று நினைத்தேன். மடியிலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினான்: "எதுக்குடா?" அம்மாவுக்காக என்றேன். நோட்டில் பக்கத்தைப் புரட்டினான். பிறகு எழுதினான்: "செட்டு உடைஞ்ச மறுநாளே உன்கிட்டதானே கொண்டாந்து குடுத்தேன்."

அது உண்மைதான். லேபைச் சோதித்தபோது இழுப்பறையில் நீங்கள் எடுத்தது அதுதான், நான் மறைத்து வைக்கவில்லை. ஒட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் வெளி வேலை தலைக்கு மேல் கிடந்தது, வீட்டு வேலை பின்னால் போய்விடும். எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான். யாராவது ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாமா என்று அவனிடமே கேட்டேன். அவன் மறுபடி எழுதினான்: "அம்மா வாராவாரம் உனக்கு போன் பண்ணாளே."

பண்ணினாள். ஞாயிறு தவறாமல் பண்ணினாள். "எட்டு எப்படா?" என்று கேட்பாள். எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். எட்டு மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அண்ணி ஒருமுறை சொன்னாள். மேல்வரிசை இல்லாதவர்கள் சொன்னால் 'செ'யில் உள்ள 'ச' வெறும் காற்றாய்ப் போய், 'எ' மட்டும் கேட்கும். எங்கள் தொழிலில் இதை முதல் வருடமே சொல்லித் தருவார்கள். முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். ஆனால் என் காதில் விழுந்தது எட்டுதான். செட்டு என்று அவள் ஒரே ஒரு தடவை தெளிவாகச் சொல்லியிருந்தால், அன்றைக்கே ஒட்டிக் கொடுத்திருப்பேன்.