டொக்டர் என்று கூப்பிட்டவர்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கிளினிக்கில் என் வேலையில் பாதி மொழிபெயர்ப்புத்தான்.

யாழ்ப்பாணத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். லண்டனில் என் படிப்பு போதாது என்று பதிவு தரவில்லை. டூட்டிங்கில் ஒரு கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். பதிவு இல்லாதவள் தன்னைப் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பதிவுள்ளவர் சொன்ன பயிற்சியைச் செய்விக்கலாம், புதிதாக ஏதும் கண்டால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை.

எனக்கு மேலே, பதிவுள்ளவள், ஹெலன். என்னைவிட இளையவள், தங்கமான பெண். தமிழ் தெரியாது.

தில்லையம்பலம் ஐயா முழங்கால் மாற்றும் ஆபரேஷன் முடிந்து, பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தவர். முதல் நாளே என்னை டொக்டர் என்றார். எங்கள் சனம் அப்படித்தான், கை வைத்து வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லாரும் டொக்டர். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை பொல்லில்லாமல் விம்பிள்டன் பிள்ளையாரைச் சுத்துவன் எண்டு நேர்ந்திருக்கிறன். கோயில்ல எல்லாருக்கும் உங்கட பேரைச் சொல்லிப்போட்டன், டொக்டர்" என்றார்.

அந்தப் புதன்கிழமை அவர் கால் நீட்டி இருந்துகொண்டு சொன்னார்: "கெண்டைக்கால் கொதிக்குது. வீங்கியும் கிடக்கு. அவவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

ஹெலன் மேசையிலிருந்து திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பயிற்சி செய்த அலுப்பாம் என்றேன். தான் பார்க்கட்டுமா என்றாள். பெரியவருக்குக் கூச்சம், அந்நியப் பெண் காலைத் தொடுவது எங்கள் பழக்கத்தில் இல்லை என்றேன். பாவம், மரியாதையாக விலகிக்கொண்டாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பயப்பட ஒண்டுமில்லையாம், ஐயா."

"நீங்கள் இருக்கேக்க எனக்கென்ன பயம்" என்று சிரித்தார்.

சொல்லியிருந்தால் ஹெலன் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள். வெள்ளிக்கிழமை கையை விட்டுப் போயிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் அப்படிக் கொதித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அது கழன்று நெஞ்சை அடைக்கலாம். ஊரில் மாணவர்களுக்கு இதைப் படிப்பித்தவளே நான்தான்.  வியாழக்கிழமை முழுவதும் ஹெலனுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொல்லில்லாமல் சுற்றி வந்தார். எல்லாரும் பார்த்தார்கள். நடை அவ்வளவு அழகு, எனக்குக் கண் கலங்கியது. வாசலில் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"அப்பா ஏதும் நோகுது எண்டு சொன்னவரோ, டொக்டர்?" என்று மகள் கலாவதி அழுதழுது கேட்டா. இல்லை என்றேன்.

சொன்னவர். எனக்கு விளங்கியது. தெரிந்துகொண்டே மறைத்தேன். ஹெலனில் ஒரு பிழையும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செத்த வீட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, ஐயாவை நடக்க வைத்த டொக்டர் நீங்கள்தானே, என்ர இடுப்பையும் ஒருக்காப் பாருங்கோ என்று கெஞ்சினா. நாளைக் காலை என் வீட்டுக்கு வருகிறா. லண்டனின் அந்தக் கோடி எட்மண்டனிலிருந்து அந்த இடுப்போடு வந்து ஏமாந்து போகக்கூடாது. இங்கே இன்னும் எவ்வளவு நேரமாகும்?