நாலாக மடித்த படம்

— ஏங்க, ஸ்கேன் படத்துக்குப் போய் யாராவது இஸ்திரி போடுவாங்களா?

— நாலா மடங்கிக் கிடந்துச்சும்மா. கசங்கின படத்தை டாக்டர் கையில கொடுத்தா, இருபது வருஷமா இஸ்திரிக்கடை வெச்சிருக்கிறவன் மானம் என்ன ஆகும்? பட்டுக்கு வெக்கிற சூடுதான் வெச்சேன். ஒரே இழுப்பு, படம் மொத்தமும் கரிக்கட்டையாட்டம் கறுத்துடுச்சு.

— உறை மேலயே போட்டிருக்கே, சூடு படக்கூடாதுன்னு.

— உறையை எல்லாம் யாரு படிக்கிறா?

— இப்ப உள்ள கூப்பிட்டா எதைக் காட்டறது?

— இதைத்தான். கட்டி இருட்டுல எங்கயோ ஒளிஞ்சிருக்கு, நீங்களே தேடிக்குங்கன்னு சொல்லிடலாம்.

— சிரிப்பு வரலைங்க.

— எனக்கு மட்டும் வருதா? வாய் அது பாட்டுக்கு ஓடுது. அன்னிக்கு டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு.

— எத்தனை தடவைங்க? என் நெஞ்சுக்கு ரத்தம் போற பெரிய குழாய்க்குள்ள கட்டி. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராதாம். பெரும்பாலும் கெட்ட கட்டியா இருக்காதாம். ஆனா இதயத்துக்குள்ள வளர்றதுக்கு முன்னாடி எடுத்துடணுமாம்.

— அந்தப் ‘பெரும்பாலும்’தான் உறுத்துது. நானும் பெரும்பாலும் எதையும் கருக்கறதில்லை.

— படம் இல்லேன்னா நாளைக்கு ஆபரேஷன் தள்ளிப் போகும், இல்ல?

— தள்ளித்தான் போகும். என் கிறுக்குத்தனத்தால உனக்கு ஏதாவது ஆச்சுன்னா... ஆமா, உனக்குப் பயமா இருக்கா?

— கடையைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?

— நாலு நாளா இதையே கேக்கறேன். பதிலுக்கு நீ கடைக்குப் பூட்டு போடறே, இல்லேன்னா அடுப்பை அணைக்கிறே.

— அண்ணே, படத்தைக் கொடுங்க. டாக்டர் கேக்கறாரு... என்னண்ணே இது?

— அதைக் கேக்காதீங்க சிஸ்டர். கைதவறிப் போச்சு.

— சரி விடுங்க. ஸ்கேன் எடுத்த இடத்துல சொன்னா கம்ப்யூட்டர்லயே அனுப்பிடுவாங்க. ஆபரேஷன் நாளைக்குக் காலையிலதான், மாத்தமில்லை. உக்காருங்கம்மா, கூப்பிடறேன்.

— அப்பாடா. போன உசுரு திரும்பி வந்துச்சு. என்னம்மா, உன் மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு? கை வேற ஜில்லுன்னு இருக்கு.

— ஒண்ணுமில்லைங்க.

— எல்லாம் அதை மடிச்சவனைச் சொல்லணும். ஏதோ சட்டை மாதிரி, ஓரத்தை ஓரத்தோட சேர்த்து, நகத்தால அழுத்தி மடிச்சிருந்தான்.

— நான்தாங்க மடிச்சேன். உறையைப் படிச்சுட்டுத்தான் மடிச்சு உங்க மேசையில வெச்சேன். மடிப்பைப் பார்த்தா உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். பயமா இருக்குங்க.